இரண்டும் வெள்ளையாகத்தான் வைத்தேன்

முருகனை நம்பிக் கிடக்கும் என் சொந்தங்களே, நான் சொல்லப்போவது பெருமைப்படுகிற சங்கதி அல்ல. முதல் பாதியைக் கேட்டால் என்னைத் திட்டத்தான் தோன்றும். திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

1961, பங்குனி மாதம். விராலிமலைக்குப் பக்கத்துச் சிற்றூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கருப்பையா திருச்சி போகிற ரோட்டில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரே மகள் வசந்தா. பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். திருச்சியில் ஒரு பெண்கள் ஹைஸ்கூல். முதல் ஃபாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்று ஆறே இடம் ஒதுக்கியிருந்தார்கள். இடம் கிடைத்தால் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். அதற்கு வைகாசியில் ஒரு பரீட்சை. இருநூறு பிள்ளைகளாவது வந்து எழுதும் என்று பேச்சு. ஒரு பிள்ளை ஒரு தடவைதான் எழுதலாம். தோற்றால் தோற்றதுதான்.

இந்தப் பரீட்சையை என் பெண் பாஸ் செய்ய வேண்டும். ஒரு வருஷமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. நான் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஐந்து வரை படித்தவள். கணக்கில் நான்தான் முதல். மேலே படிக்க வைக்க ஆள் இல்லை. சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் எனக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அந்த ஏக்கம் உள்ளுக்குள் கிடந்தது. அதை மகள் தலையில் இறக்கி வைத்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. அப்போது அதற்குப் பெயர் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் சில வருஷத்துக்கு முன்பு அந்தப் பரீட்சை எழுதியவள். அவளிடமிருந்து பழைய கேள்வித்தாள்களை வாங்கி வந்தேன். எனக்கு அதுவே வேதம். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்பேன், "ஒரு மணங்கு புளி எத்தனை பலம்டி?" சாணி அள்ளிக்கொண்டே வசந்தா சொல்வாள், "முந்நூத்தி இருவது." எட்டு வீசை ஒரு மணங்கு, நாற்பது பலம் ஒரு வீசை. தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்கி வைத்திருந்தேன். ஒருநாள் அவள் மெதுவாக, "ஆத்தா, டீச்சர் புதுப் புத்தகத்துல கிலோன்னு சொல்லிக் குடுக்கறாங்க" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். "அது ஸ்கூலோட. பரீட்சைக்கு நான் சொல்றதத்தான் படிக்கணும். ஒங்க டீச்சரா அந்தப் பரீட்சை எழுதப் போறாங்க?" அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டில் குழப்பம் ஆரம்பித்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். "பொட்டப் புள்ளைய அங்கிட்டு ஆஸ்டல்ல தனியா விடப் போறியா தம்பி?" என்று என் வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டுப் போனார். இவர் நல்ல மனுஷர். ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர் பக்கம் சாய்கிறவர். காலையில் "போகட்டும் புள்ள" என்பார். சாயங்காலம் "வேணாமோ?" என்பார். பத்து நாள் இப்படியே போயிற்று. கடைசியில் அவரே சொன்னார், "நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? மலைக்குப் போயி பூக் கேப்போம். அவரு என்ன சொல்றாரோ அதான்."

பூக் கேட்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி காலடியில் வைத்து ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் வசந்தாவை அனுப்புவது, சிவப்பு வந்தால் நிறுத்திவிடுவது என்று பேசிக்கொண்டோம். வந்த பொட்டலத்தை மட்டும்தான் பிரிப்போம். மற்றதைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அது சாமி காலடியிலேயே கிடந்துவிடும்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பொட்டலம் கட்டுகிற வேலை என்னுடையது. விடியற்காலையில் குளித்துவிட்டு, பூவரச இலையில் நந்தியாவட்டை வைத்து ஒன்று கட்டினேன். இரண்டாவது இலையை எடுத்தேன். சிவப்பு அரளியைத் தொட்ட கை திரும்பி வந்துவிட்டது. அதிலும் நந்தியாவட்டையையே வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன். எங்கள் முருகன் சுருட்டையே படையலாக ஏற்றுக்கொள்கிற சாமி. என் கள்ளத்தனத்தையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார் என்று ஒரு தைரியம்.

வசந்தா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொட்டலங்களோடு, சாமிக்குச் சாத்த ஒரு சிவப்பு அரளி மாலையும் அதில் இருந்தது. அடிவாரத்தில் அவளைக் கூடையோடு நிறுத்திவிட்டு, நானும் வீட்டுக்காரரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். பிறகு மூவரும் படியேறினோம். குருக்கள் பொட்டலங்களை வாங்கிக் காலடியில் வைத்தார். யாரோ வெளியூர்க்காரரின் குழந்தை, மூன்று வயசு இருக்கும், ஓடிப்போய் ஒன்றை எடுத்தது. குருக்கள் பிரித்தார்.

சிவப்பு அரளி.

தூணைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி, உத்தரவு ஆயிருச்சு. இந்த வருசம் வேணாம்" என்றார். அவர் முகமும் வாடித்தான் போனது. நான் யாரிடம் என்ன சொல்வது? "நான் இரண்டும் வெள்ளையாகத்தானே வைத்தேன்" என்று வாயைத் திறந்தால் சாமியையே ஏமாற்ற வந்தவள் என்று சந்நிதியில் வைத்தே சிரிப்பார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

அன்று பிடித்த குழப்பம் நாலு மாதம் என்னை விடவில்லை. முருகன் பூவை மாற்றிவிட்டார், என் மேல் கோபம் என்று ஒருநாள் தோன்றும். இல்லை, எனக்குத்தான் கண் மங்கிவிட்டது, விடியற்காலை இருட்டில் அரளியைத் தவறி வைத்துவிட்டேன் என்று மறுநாள் தோன்றும். வெள்ளைப் பூ இலைச் சூட்டில் நிறம் மாறுமோ என்று சந்தேகம் வந்து, ஒரு நந்தியாவட்டையைப் பூவரச இலையில் கட்டி உறிமேல் வைத்துப் பார்த்தேன். பழுப்பாகி வதங்கிப் போனதே தவிர சிவக்கவில்லை. இதையும் செய்தேன், சொல்ல வெட்கம்தான். வைகாசியில் பரீட்சை நாள் வந்தது, போனது. அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை. வசந்தாவுக்குக் கணக்குச் சொல்லித் தருவதை நிறுத்திவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆனி கடைசியில் ஸ்கூல் டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார். "வசந்தாவ ஏன் அனுப்பல? சரி, வீட்ல பழைய அளவத்தானே படிச்சா, போகாததும் ஒரு விதத்துல நல்லதுதான்" என்று சொல்லி ஒரு தாளைக் காட்டினார். அந்த வருஷத்துக் கேள்வித்தாள். கணக்கு முழுக்க கிலோ, கிராம், லிட்டர், மீட்டர். வீசை இல்லை, பலம் இல்லை, மணங்கும் இல்லை. "பழைய அளவையெல்லாம் சர்க்கார் எடுத்துட்டாங்கம்மா. இனிமே எல்லாம் இதுதான்" என்றார். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பெண் போயிருந்தால் கணக்கில் ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டாள். மறுபடி எழுதவும் விடமாட்டார்கள். அப்படியானால் அந்தச் சிவப்பு கோபமா, கருணையா? குழப்பம் தீரவில்லை. இன்னும் கூடிப் போயிற்று.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் விரதமிருந்து, வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து, நாலு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுது பேசினேன். "முருகா, நான் தப்புப் பண்ணுனவதான். ஒன்னைய ஏமாத்தத்தான் பாத்தேன். ஆனா ரெண்டும் வெள்ளையாத்தானே வெச்சேன்? நீ எப்புடி செகப்பாக்குன? எனக்கு ஒண்ணும் வெளங்கல. தண்டிக்கிறதுன்னாலும் சொல்லிட்டுத் தண்டி. எனக்கு ஒரு பதிலைச் சொல்லு."

பின்னாலிருந்து பதில் வந்தது.

"நாந்தான் ஆத்தா மாத்துனேன்."

திரும்பினேன். வசந்தா குடத்தோடு வாசற்படியில் நின்றாள். தண்ணீர் சட்டையெல்லாம் நனைத்திருந்தது.

"நீங்க தேங்கா ஒடைக்கப் போனப்ப ஒரு பொட்டலத்தப் பிரிச்சேன். அதுல வெள்ளை இருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டு மாலையில இருந்து ஒரு அரளியப் பிச்சு வெச்சுக் கட்டிட்டேன். மத்ததுல செகப்புதான் இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டும் செகப்பா இருந்தா போக வேணாம்ல."

"ஏன்டி? ஒனக்குப் படிக்க ஆசையில்லையா?"

"ஆசைதான். ஆனா பரீட்சையில கிலோதான் கேப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நீ சொல்லிக் குடுத்தது ஒண்ணும் வராதுன்னு தெரியும். கிலோக் கணக்கும் எனக்கு அப்பச் சரியா வரல. நான் பெயிலாப் போனா நீ தாங்க மாட்ட. ஒங்கிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு."

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பதினோரு வயசுப் பிள்ளை என் கௌரவத்தைக் காப்பாற்ற, சாமிப் பூவை மாற்றியிருக்கிறது. நான் பெற்றவளா, பேயா? அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். குடம் கவிழ்ந்து வீடெல்லாம் தண்ணீர். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, "என்னா, வீட்ல வெள்ளமா?" என்றார். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்ததையும் சொன்னேன், அவள் செய்ததையும் சொன்னேன்.

"அடிப் பாவிகளா! சாமிகிட்டயேவா?" என்று முதலில் கத்தினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கி யோசித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"இந்தா, கேளு. நீ ரெண்டும் வெள்ளையா வெச்ச. இவ ஒண்ண மட்டும் செகப்பா மாத்துனா. அப்ப சாமி முன்னாடி போனது ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செகப்பு. முறைப்படி எப்படிப் போகணுமோ அப்படித்தான் போயிருக்கு. நீங்க ரெண்டு பேரும் பண்ணுன களவாணித்தனம் ஒண்ண ஒண்ணு தின்னுருச்சு. வந்தது அவரு சொன்ன வாக்குத்தான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலு மாதமாக நான் தேடியது இதைத்தானா? இவள் பிரிக்காமல் விட்ட பொட்டலத்திலும் வெள்ளைதான் என்று இவளுக்குத் தெரியாது. படியேறும்போது ஒன்று சிவப்பாகியிருந்தது எனக்குத் தெரியாது. அவரவர் இஷ்டப்படி முடித்துவிட்டோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

"அவரு இந்த வருசம் வேணாம்னாரு. அடுத்த வருசத்துக்கு நாம இன்னும் கேக்கல" என்றார் அவர். மறுபடி பூக் கேட்கலாமா என்று என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. வசந்தா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரு வருஷத்தில் அவளிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை.

"ஒனக்குப் போகணுமாடி?"

"போகணும் ஆத்தா. டீச்சர்கிட்ட கணக்குப் படிச்சிட்டுப் போறேன்."

அதோடு முடிந்தது. வயசும் இடம் கொடுத்தது. அந்த ஒரு வருஷம் வீணாகாமல் டீச்சரம்மாவே அவளைப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லித் தந்தார். சாயங்காலம் நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். ஆயிரம் கிராம் ஒரு கிலோ என்பதை அம்மாவும் பெண்ணும் சேர்ந்து படித்தோம். நான் ரொம்பத் தடுமாறினேன். அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

1962 வைகாசியில் திருச்சிக்கு பஸ் ஏறினோம். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, பெற்றவர்கள் எல்லாம் ஸ்கூல் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. "பாஸாக்கு" என்று வாயெடுத்தால் பழைய புத்தி ஞாபகம் வருகிறது. "நீ நினைக்கறது நடக்கட்டும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் என்ன நினைப்பாரோ என்று நடுங்கினேன். சொந்தங்களே, இதுதான் என் பக்தியின் லட்சணம். பெரிய ஞானி மாதிரி நான் நம்பவில்லை. பயந்துகொண்டேதான் நம்பினேன். அந்த அரைகுறை நம்பிக்கையையும் அவர் தள்ளவில்லை.

ஆனி மாதம் ஒரு கார்டு வந்தது. ஆறு பேரில் ஐந்தாவது பெயர் வசந்தா. என் வீட்டுக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அன்றே மலையேறினோம். சந்நிதியில் குருக்களிடம் நான் செய்த தப்பை என் வாயாலேயே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வசந்தா படித்து, எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் ஆனாள். எல்லாம் அவன் போட்ட பிச்சை.

இப்போதும் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. அந்தக் குழந்தை ஏன் அந்தப் பொட்டலத்தை எடுத்தது? தெரியாது. தெரிந்துகொள்ளாமலே இத்தனை வருஷம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு குழப்பம் வந்தால், அதைத் தீர்த்துவிட்டு அப்புறம் சாமியிடம் போகலாம் என்று நிற்காதீர்கள். குழப்பத்தோடேயே போங்கள். மறைக்காமல் அழுங்கள். அவர் கட்டாயம் பதில் சொல்வார். ஆனால் மேலேயிருந்துதான் குரல் வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். உங்கள் பின்னால் உங்கள் பிள்ளை நின்றுகொண்டிருக்கும். அது பேச வாயெடுத்தால், பேசவிடுங்கள்.