‘யாருமில்லை’ என்று சொல்லாமலே சித்திக்குக் கிடைத்த அறை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சபையில் எழுந்து பேசவும் கூச்சம். பஜனைக்கு வரும் அன்பர்கள் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

பாக்கியம் என் அம்மாவின் தங்கை, எனக்குச் சித்தி. பிள்ளை இல்லை. சித்தப்பாவும் போய்விட்டார். ராஜபாளையத்தில் ஒரு வாடகை அறையில் முதியோர் பென்ஷனை வைத்துக் காலம் தள்ளினாள். போன ஐப்பசி மழையில் அந்த அறையின் சுவர் சரிந்தது. சித்தி குழாயடியில் நின்றதால் தப்பினாள்.

என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மில்லில் மூட்டை தூக்குகிறவன் நான். மாடியில் ஒரே அறை. அதில் நான், மனைவி செல்வி, இரண்டு பெண் பிள்ளைகள். குறுகலான இரும்புப் படி. கழிப்பறை கீழே. இடுப்பெலும்பு முறிந்து தேறியவள் சித்தி. நான்தான் தூக்கி இறக்க வேண்டும். நான் ஷிப்டுக்குப் போய்விட்டால், கீழே இறங்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டாள். செல்வி அதைக் கவனித்துச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழை முதியவர்களுக்கு அரசு மானியத்தில் ஒரு குடியிருப்பு நடக்கிறது. ஆளுக்கு ஓர் அறை, படியில்லாத வாசல், பிடித்து நடக்கக் கம்பி, சாப்பாடு, நர்ஸ். ஓர் அறை காலி என்று கேள்விப்பட்டு, சித்தியை ஆட்டோவில் கூட்டிப்போய் மனுக் கொடுத்தேன்.

“உங்களுக்கு யாரும்மா இருக்கா?” என்று எழுத்தர் கேட்டார்.

“எனக்கு என்னய்யா கொறை? இந்தா நிக்கான்ல, எம் மவன்!”

“மகன் இருந்தா இங்க இடம் கிடையாதும்மா.”

வெளியே வந்ததும், “யாருமில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன சித்தி?” என்றேன்.

“ஏலே, நீ குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது அப்படிச் சொன்னா, ஒன்னைய உசுரோட வச்சுக்கிட்டு எழவு சொன்ன மாதிரி ஆயிராதா? எடம் போனாப் போகுது. ஆட்டோவக் கூப்பிடு.”

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் சந்நிதிக்குப் போனேன். சித்தி வாயில் அந்த வார்த்தை வர வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். நாச்சியார் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. துளசிச் செடியடியில் கிடைத்த பிள்ளை அல்லவா அவள்! எடுத்து வளர்த்தவரைத்தானே அப்பா என்றாள்! அழுதுவிட்டேன். “தாயே, சித்தி அதைச் சொல்லவே வேண்டாம். சொல்லாமலே ஓர் இடம் கொடு” என்றேன்.

கொடுத்த மனுவை நாங்கள் திரும்ப வாங்கவில்லை. அந்த வாரமே, மனுக் கொடுத்தவர்களின் வீட்டை நேரில் பார்க்கும் அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். இரும்புப் படியில் அவரே தடுமாறித்தான் ஏறினார். அதே கேள்வியைக் கேட்டார்.

“மவன் இருக்கான். மருமவ இருக்கா. பேத்திக ரெண்டு” என்றாள் சித்தி. போச்சு என்று நினைத்தேன்.

“நீங்க பெத்த மகனா ஆச்சி?”

“பெத்தது எங்க அக்கா. அதுக்கென்ன இப்போ, கொறஞ்சா போச்சு?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “கொறையலை ஆச்சி. பெத்த பிள்ளை இல்லாதவங்களுக்கு எங்க விதியில இடம் உண்டு. வந்து பாத்துக்கிட ஆள் இருக்கறது இன்னும் நல்லது.”

கைகூப்பினேன்.

தை மாதம் சித்தி அந்த அறைக்குப் போனாள். ஞாயிறுதோறும் நாங்கள் போகிறோம். யாரும் வந்து பார்க்காத இரண்டு பாட்டிகள் பக்கத்து அறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நகம் வெட்டிவிடுகிறேன், கதை கேட்கிறேன். ஆட்களைக் கண்டாலே ஒதுங்கி நின்றவன் நான்.

“எம் மவனைப் பங்கு போடுதீகளாட்டி?” என்று சித்தி சத்தம் போடுவாள். அவர்களை என்னிடம் அனுப்பிவைப்பதும் அவள்தான்.

அன்பர்களே, என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் நாச்சியார் முன்னால் போய் நில்லுங்கள். நம் வேண்டுதலை முதலில் அவளே திருத்துவாள். பிறகு கொடுப்பாள்.

எழுதி முடித்தது: ஆடி மாதம், நாச்சியார் தேர் ஓடிய மறுநாள்.