காதோரம் குவித்த கை

“கோட்டையிலே கொடியேத்தப் போறது யாரு?” என்று பாடிவிட்டு, இளையபெருமாள் வலது கையைக் காதோரம் குவித்துக்கொண்டு நிற்கிறார். செஞ்சி பஸ் நிலையத்தில் அவருக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. சிங்கவரம் போகிற பெண்கள் கூடையை நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். “சரி, வேலயப் பாப்போம்” என்று கோணியை விரித்துச் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பரப்புகிறார். தினமும் கடை திறப்பது இப்படித்தான்.

வயது அறுபதை நெருங்குகிறது. குரலுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. எந்தப் புத்தகமானாலும் பல்லவியை மட்டும் பாடிக் காட்டுவார். சரணம் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவர் காதல் பாட்டுப் பாடிக் கேட்க வேண்டுமே! நாயகியைக் கொஞ்சுகிற வரிகூட ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பதுபோல ஒலிக்கும். “இன்னா நைனா, பொண்ண மெரட்டுறியா?” என்று இளவட்டங்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்வார்கள்.

சினிமாப் பாட்டின்மேல் கோபமா என்று கேட்டேன். “கோவம் இன்னாத்துக்கு சார்? சோறு போடுது. மெட்டும் நல்லாத்தான் இருக்குது. ஆனா அப்போ பாட்டுக்குள்ள ஊரே நிக்கும். இப்போ ரெண்டு பேருக்குத்தான் எடம்” என்றார்.

நாற்பத்திரண்டாம் வருஷம் வெள்ளைக்காரனை எதிர்த்து ஊர்வலம் போனபோது இந்தக் கடைத்தெரு முழுக்க அவருக்குப் பின்பாட்டுப் பாடியிருக்கிறது. அதற்காகச் சிறைக்கும் போய் வந்தார். “நான் ஒரு வரிதான் பாடுவேன். மீதிய ஊரு பாடும்” என்று சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது. சுதந்திரம் வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அந்த மீதி வரியை அவராக ஒருநாளும் பாடியதில்லை. “அது என்னுது இல்ல சார்.” யாராவது ஒருமுறை அதைத் திருப்பிப் பாடினால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை.

போன வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் இருந்தேன். வழக்கம்போலப் பாடிக் கையைக் குவித்தார். திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து கைத்தடியோடு இறங்கிய பெரியவர் ஒருவர் அப்படியே நின்றுவிட்டார்.

“நாங்க... நாங்க... நாடு முழுக்க நாங்க!”

கரகரத்த குரல். சுருதி எங்கோ போனது. ஒரு சொல் தப்பவில்லை.

இளையபெருமாள் திரும்பிப் பார்த்தார். “யாரு, ஏட்டய்யாவா?”

அன்று அந்த ஊர்வலத்தை லத்தியால் கலைத்து, இவரைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரர்தான் அவர்; பெயர் சம்பந்தம். “தெனம் உங்க பின்னாலயே வந்தவனாச்சே, மறக்குமா?” என்றார்.

இளையபெருமாள் புத்தகங்களை ஒருபக்கமாக ஒதுக்கிக் கோணியில் அவருக்கு இடம் செய்தார். பிறகு நிமிர்ந்து நின்று, அடுத்த வரியைப் பாடிவிட்டுக் கையைக் காதோரம் குவித்தார்.