தாலி இல்லாத நிருபா

பரமேஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாவீரர்களுக்கு மண்டபத்தில் நடக்கும் நவம்பர் நினைவுநாளில் மகள் நிருபாவின் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு. புதைத்த இடம் தெரியாத பிள்ளைக்கு வேறு எங்கே போய் அழுவது? அதற்காகத்தான் பாரிசுக்கு வெளியே கூசேன்விலில் இருந்து ரயிலேறி வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அச்சகம் வைத்து நினைவுநாள் படங்களை அச்சடிக்கும் தவசீலனிடம், மிஞ்சியிருந்த ஒரே படத்தை, நிருபாவின் கலியாணப் படத்தை, போன ஞாயிறு கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கலியாணத்தின் கதை வயிற்றெரிச்சல். வன்னிக்கு இயக்கம் முதலில் சைக்கிளில்தான் வந்தது; குடிக்கத் தண்ணீர் கேட்டது. பரமேஸ்வரி மோரே கொடுத்தாள். பிறகு நீதிமன்றம் வந்தது, பொலிஸ் வந்தது, வரி வந்தது, ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் வந்தது. வாய் திறந்தவன் துரோகியானான். ஆனாலும் புதிதாக ஓர் இடம் பிடிபட்ட சேதி வரும்போதெல்லாம் அவளும்தான் பொங்கிப் படைத்தாள், பொய் சொல்வானேன். கடைசியில் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுகிறார்களாம் என்று கேள்விப்பட்டு ஊரே அவசர அவசரமாகத் தாலி கட்டியது. நிருபாவையும் முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கட்டிவைத்தாள். ராணுவம் நெருங்க நெருங்க, எல்லை சுருங்கச் சுருங்க, தாலி கட்டியவர்களையும் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பிள்ளையைக் கொன்றது ராணுவத்தின் ஷெல். அந்த ஷெல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது இயக்கம். இரண்டு பேரும் நாசமாய்ப் போக!

இந்த ஞாயிறு படத்தைத் திரும்ப வாங்கப் போனாள். தவசீலன் இயக்கத்தின் அந்த ராச்சியத்தில் ஒரு நாள்கூட வாழ்ந்தவர் இல்லை. அது எழும்புவதற்கு முன்பே பாரிசுக்கு வந்து, இங்கிருந்தே அதற்குக் கைதட்டியவர். பெருமையோடு கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

முகம் நிருபாவினுடையதுதான். கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் குங்குமம் இல்லை. மடிப்புக் கலையாத, இயக்கத்தின் வரிச் சீருடை.

“தாலியோடை போட்டால் சரிவராது அக்கா. அதுதான் கொம்பியூட்டரிலை உடுப்பை மாத்தி விட்டனான்.”

“தம்பி, அந்த உடுப்பு ஏறக்கூடாதெண்டுதான் என்ரை பிள்ளையை ஆரெண்டு தெரியாதவனுக்குக் கட்டிக் குடுத்தனான். அழியுங்கோ.”

“பெரிசா அச்சடிச்சாச்சு அக்கா. மண்டபத்திலை முன்வரிசையிலை உங்கடை பிள்ளைதான்.”

அவர் அதை ஒரு மரியாதை என்றே நினைத்துச் சொன்னார். அதுதான் பரமேஸ்வரிக்குத் தாங்கவில்லை. கலியாணப் படத்தைப் பறித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ராச்சியம் விழுந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறதாம். யார் சொன்னது? நிருபாவை இரண்டாவது தடவையும் கொண்டுபோய்விட்டார்கள்.