பிலேந்திரன் அண்ணன் இடம் கொடுத்தவர்கள்

மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்திலிருந்து அருள்மேரி போன் செய்தபோது ஆபிஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணன் போயிட்டாவ சார்" என்றார். சாயங்காலத்துக்குள் சென்னை அருங்காட்சியகத்தின் இரங்கல் செய்தி வந்துவிட்டது. தாமே கற்றுத் தேர்ந்த தெய்விக ஓவியர் என்று புகழ்ந்திருந்தார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலேந்திரன் அண்ணன் விசைப்படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதிப் பிழைத்தவர். யாரிடமும் ஓவியம் படித்ததில்லை. கடலுக்குப் போய்ப் பிணமாகக்கூடத் திரும்பாதவர்களை, உடைந்த வள்ளத்தின் பலகைகளில், படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டால் வரைந்தார். ஒருவர் ஆண்டவரின் சீடர் இராயப்பரின் படகில் துடுப்புப் போடுவார். இன்னொருவர் ஆண்டவரின் பந்தியில் அப்பத்துக்குக் கை நீட்டுவார்.

"கனவுல வாராங்களாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பட்டப்பகல்ல தம்பி. தண்ணிக்கு மேல வந்து நிக்கான். எனக்கொரு எடம் குடுன்னு கேக்கான். குடுக்காம எப்பிடி?"

கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும். புதைக்க உடல் கிடைக்காத வீட்டுப் பெண்கள் மட்டும் அண்ணனின் கொட்டகைக்கு வருவார்கள். அந்தப் பலகைகள்தான் அவர்களுக்குக் கல்லறை. நான் நாசரேத் ஊர்ப் புராட்டஸ்டன்ட்காரன், படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் சபையில் வழக்கமில்லை. முதல் வருடம் உள்ளுக்குள் சிரித்தேன். அருள்மேரி பலகையிலிருந்த தன் கணவரின் முகத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்ததைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

போன வருடம் திருநாள் முடிந்த கையோடு அருங்காட்சியகத்து அம்மையார் வந்தார். அண்ணனின் வாழ்நாள் ஓவியங்கள் எல்லாவற்றையும் ஒரே கண்காட்சியாக வைக்க வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் மூன்று பக்கம் தாள். நான் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா என்பதால் என்னிடம் கொடுத்தார் அண்ணன்.

"அடுத்த திருநாளுக்குள்ள வந்துருமா தம்பி? அத மட்டும் பாரு."

நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். கண்காட்சி ஆறு மாதம் என்று இருந்தது. "வந்துரும்ணே, கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார்.

கண்காட்சித் திறப்புக்கு அண்ணனோடு நானும் அருள்மேரியும் போனோம். மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் ஆயிற்று. படங்களின் கீழே 'கற்பனை முகங்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். "கற்பனையா? இது எம்புருசன்லா" என்று அருள்மேரி கை நீட்டினார். தொடக்கூடாது என்று காவலாளி தடுத்தார்.

திருநாளுக்குள் பலகைகள் திரும்பி வந்துவிடுமா என்று அண்ணன் அம்மையாரிடம் கேட்டார். அம்மையார் அன்பாகத்தான் சொன்னார்: "ஐயா, நீங்க நன்கொடையாக் கொடுத்துட்டீங்களே. இனி இதெல்லாம் நாட்டோட சொத்து." மூன்றாம் பக்கத்தில் அது இருந்திருக்கிறது.

ரயிலில், "நம்மள ஏமாத்திட்டாங்கண்ணே" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அருங்காட்சியகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். கையெழுத்தைக் காட்டிப் பதில் போட்டார்கள்.

மறுபடி வரையுங்கள் என்று பெண்கள் கெஞ்சினார்கள். "ஒருவாட்டி எடம் வாங்குனவன் திரும்ப எதுக்கு வந்து நிப்பான்?" என்றார். அதன் பிறகு தூரிகையைத் தொடவில்லை. கொட்டகைக்குள் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை நான் தினமும் பார்த்தேன். திருநாளுக்குச் சில நாள் முன்பு இதயம் நின்றது.

நேற்றுக் கல்லறைத் திருநாள். அந்தப் பெண்கள் எல்லோரும் அண்ணனின் புதைகுழிக்கு வந்தார்கள். அருங்காட்சியகம் அனுப்பிய மலர்வளையத்தை அருள்மேரி தூக்கி ஓரமாக வைத்தார். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆணின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மண்மேட்டில் இடம் போதாமல் கடைசியில் வந்தவர்கள் கால்மாட்டில் ஏற்றினார்கள். நானும் அங்கேதான் ஒன்று ஏற்றினேன்.

போய் வாருங்கள் அண்ணே. யாரும் நம்மை ஏமாற்றவில்லை. அந்த மூன்றாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லை.