நின்ற விமானத்தில் ஏறிய முள்

கதை கட்டிச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைத்தான் சொல்கிறேன். 1991 அக்டோபர், மண்ணூருக்கு அப்பால் ஒரு தகர ஷெட். சந்தேகப்படுகிறவர்கள் போய் நின்று பார்க்கலாம், ஆனால் உச்சிவெயிலில் மட்டும் போக வேண்டாம். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று எவனோ சொல்லி வைத்துவிட்டான். அதை நம்பித்தான் நரசிம்மனும் பட்டப்பகலில் தைரியமாகப் போனார்.

நரசிம்மன் அந்த ஷெட்டின் தலைமை மெக்கானிக். வயல்களுக்கு மருந்து தெளிக்கிற இரண்டு குட்டி விமானங்கள் அவர் பொறுப்பு. ஒவ்வொன்றின் இறக்கைக்கு அடியிலும் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதன் வாய்க்குள் புகுந்தால்தான், விமானம் என்ன வேகத்தில் போகிறது என்று உள்ளே முள் காட்டும். வாய் அடைத்துக்கொண்டால் முள் பொய் சொல்லும். விமானம் மேலே ஏற ஏற அதுவும் சும்மாவே ஏறும். வேகம் கூடிவிட்டது என்று நினைத்து ஓட்டுகிறவர், அதைக் குறைக்க விமானத்தின் மூக்கைத் தூக்குவார். அப்புறம் கல்லாட்டம் விழ வேண்டியதுதான்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர் முதல் ஏணி வரை ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம். விமானி ஜோயல் ஓரமாக நின்று பொரி தின்றுகொண்டே, "மேஸ்திரி, மறந்துபோய் எனக்கும் பொட்டு வச்சிடாதீங்க" என்று கிண்டல் செய்தார். நரசிம்மனுக்குக் கை தாராளம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, இரண்டு விமானங்களின் குழாய் வாயிலும் கட்டைவிரலால் அப்பினார். மறுநாள் துடைத்துவிட்டுத்தான் விமானத்தை வெளியே விட வேண்டும். துடைக்க மறந்துவிட்டார். ஏறுவதற்குமுன் ஜோயலும் ஒரு சுற்று பார்க்கத்தான் செய்தார். அவர் கண்ணில் பட்டது பூஜைப் பொட்டு. பொட்டை யார் சந்தேகப்படுவார்கள்? மணிமங்கலம் ஏரிக்கு மேலே போய் மூக்கைத் தூக்கினார். அவ்வளவுதான்.

மறக்காத மனுஷன் உண்டா? அதுவரைக்கும் தவறு. அதற்குப் பிறகு அந்த ஆள் செய்ததுதான் பாவம். ஏரியிலிருந்து உடைசலைக் கரையில் இழுத்துப் போட்டதும், யாரும் பார்க்குமுன் குழாயில் இறுகிக் கிடந்த சந்தனத்தைக் கம்பியால் குடைந்து எடுத்தார். இருபது வருஷமாகக் கைராசிக்காரர் என்று எடுத்த பேர் போய்விடுமே! பிறகு கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"செத்தவரப் பத்திச் சொல்லக்கூடாது... காலைலயே சாராய வாசன வந்துச்சு."

ஜோயல் சொட்டு தொடாதவர். ஆனாலும் பேச்சு ஊரெல்லாம் பரவியது. அடக்கத்தன்றே ஜனம் முணுமுணுத்தது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சைக் கேட்க முடியாமல் அவர் மனைவி லீலா கதவைச் சாத்திக்கொண்டாள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

விசாரணை அதிகாரி தணிகாசலம் நல்ல மாதிரி. ஸ்ரீபெரும்புதூர் பயணியர் மாளிகையில் தங்கியிருந்தார். "கை தவறுறது சகஜம்ப்பா. சொல்லிட்டா அடுத்தவன் விழமாட்டான். மறதிக்காக நான் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பப் போறதில்ல" என்று தன்மையாகத்தான் கேட்டார். நரசிம்மன் பிடித்த பிடியை விடவில்லை. சாயங்காலம் இன்னொரு விமானத்தையும் பார்க்க வருவதாக அதிகாரி சொல்லி அனுப்பினார். அந்தக் குழாயிலும் அதே சந்தனம்!

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஷெட்டுக்குப் போனார். காவலாளி அப்பாவு எழுந்து நின்றார்.

"இன்னா மேஸ்திரி, இந்த வெயில்ல?"

"கொஞ்சம் வேல கீது. நான் உள்ள போனதும் வெளிய பூட்டிக்க. யாரையும் வுடாத."

பூட்டு விழுந்தது.

உள்ளே அடுப்பு மாதிரி அனல். நரசிம்மன் குழாயைக் குடைந்தார். துணியால் துடைத்தார். வாய் சுத்தமானதும், முள் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க விமானி இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

இருக்கை ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரம் மழையே இல்லை.

வேகமுள் பூஜ்யத்தில் இருந்தது.

ஏறியது.

நாற்பது... அறுபது... மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது.

நிற்கிற விமானம். பூட்டிய ஷெட். இம்மிகூடக் காற்றில்லை. வெளியே யாராவது குழாயில் வாயை வைத்து ஊதினால் ஒழிய அந்த முள் அசையாது.

"அப்பாவு?"

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். குழாய் அருகே யாரும் இல்லை. தரையில் மட்டும் தண்ணீர்... சொட்... சொட்...

முள் ஏறியது. இறங்கியது. யாரோ மூச்சு விடுகிற கணக்கில்.

கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

ஏரிப்பாசி நாற்றம்.

முள்ளுக்குப் பின்னாலிருந்து, குழாய் வழியாக, ஒரு குரல். ஜோயல் குரல்.

"நல்லா மோந்து பாருங்க மேஸ்திரி..."

ஹ்ஹா...

கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

"சாராய வாசன வருதா?"

ஹ்ஹா...

"வருதா?"

நரசிம்மன் போட்ட அலறலில் அப்பாவு பூட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அவர் தொட்டதும் விமானக் கதவு சாதாரணமாகத் திறந்துகொண்டது. "சொல்லிடறேன்... சொல்லிடறேன்..." என்பதைத் தவிர நரசிம்மன் வாயிலிருந்து வேறு பேச்சு வரவில்லை. அப்பாவு அவரைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பயணியர் மாளிகைக்கு மிதித்தார். வழியெல்லாம் நரசிம்மனுக்கு அழுகை. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் ஜோயல் விட்டுவிடுவார். அதிகாரியும் விட்டுவிடுவார். மறதிதானே!

தணிகாசலம் வராந்தாவில் நின்றிருந்தார். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"சார், ஜோயல் குடிக்கல சார். குழாய்ல சந்தனம் அப்பினது நான்தான். துடைக்க மறந்துட்டேன். மறதிதான் சார்!"

அதிகாரி முகம் இறுகியது. "பன்னெண்டே காலுக்கு வந்தப்ப வேற மாதிரி சொன்னீங்களே."

"நானா?"

"இந்த நாற்காலில உட்கார்ந்துதான். நாலு பேர் கேட்டோம். 'மறக்கல சார். வேணும்னேதான் அடைச்சேன். அவன் சாகணும்னுதான்'னு சொன்னீங்க."

நரசிம்மன் நாற்காலியைப் பார்த்தார். பிரம்பிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அவரு ஷெட்டுல இருந்தாரு சார் அப்போ! நான்தான் பூட்னேன்" என்று அப்பாவு பதறினார்.

மாளிகைச் சமையல்காரர் மறுத்துத் தலையாட்டினார். "இவரேதான். டீ குடுத்தேன், தொடவே இல்ல."

நரசிம்மன் அதிகாரி காலில் விழுந்தார். மறதி சார், மறதி சார் என்று தரையில் தலையை முட்டிக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"இதையும் நீங்களே சொல்லிட்டுத்தான் போனீங்க" என்றார் தணிகாசலம். "'கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து, மறதின்னு கால்ல விழுந்து அழுவேன். நம்பிடாதீங்க'ன்னு."