எங்கள் வீட்டில் இல்லாத திங்கட்கிழமை

சிவகாசிப் பக்கம் ஒருவன் காலண்டரைக் காசு கொடுத்து வாங்கினான் என்றால் தெருவே சிரிக்கும். அதிலும் நான் காலண்டர் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறவள். தேதித் தாள்களை மாசம் மாசமாக அடுக்கி, வரிசை சரிபார்த்து, தலையில் தகரப் பட்டை அடிக்க அனுப்புவது என் வேலை. சீசன் முடியும்போது கழித்துப் போட்ட காலண்டர்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். நான் எடுத்து வந்ததில் பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை இருக்கிற மாதிரி கலர் விலகியிருந்தது. இதுக்குத்தான் கழித்திருக்கிறார்கள் போல என்று நினைத்துச் சுவரில் மாட்டினேன். உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. நாள் பூராவும் அதையே புரட்டுகிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் புரட்ட என்ன தலையெழுத்தா?

என் மகளுக்குப் பதினோரு வயது. நாலு வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல மாட்டாள். தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைப்பாள். அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஆனால் எழுத்து எதைக் கண்டாலும் வாசிப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பஸ் போர்டு, தீப்பெட்டி லேபிள், அரிசிப் பை என்று வாசிக்க ஆரம்பித்தாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது தினசரிக் காலண்டர்.

காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழித்து, பழைய பட்டாசு கிப்ட் பெட்டிக்குள் வரிசையாக வைப்பாள். பிறகு புதுத் தாளை மேலிருந்து கீழே வரை சத்தமாக வாசிப்பாள். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல். "மேஷம் நன்மை. ரிஷபம் செலவு." முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் நின்றுகொண்டிருப்பாள். நான் "சரி" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பல் விளக்கப் போவாள். எங்கள் வீட்டில் ஒருவர் சொல்ல இன்னொருவர் பதில் சொல்லும் பேச்சு என்று இருந்தது அது ஒன்றுதான்.

அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். தீபாவளி வரைக்கும் பட்டாசு லோடு, அதற்குப் பிறகு காலண்டர் லோடு. வடக்கே போனால் வர இருபது நாள் ஆகும். வந்தால் இரண்டு நாள் தூங்குவார். மகளைப் பற்றிப் பேச்செடுத்தால் லாரிக்கு டயர் பார்க்கப் போய்விடுவார். கெட்டவர் இல்லை. என்னை மாதிரி இதில் மாட்டிக்கொண்டு நிற்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். திருத்தங்கலில் எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்கா ஒருத்திதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் பேத்திக்குக் காது குத்து. வாசலில் சரவெடியைக் கொளுத்தினார்கள். என் மகளுக்கு வெடிச் சத்தம் ஆகவே ஆகாது. இந்த ஊரில் பிறந்துவிட்டு இப்படி. காதைப் பொத்திக்கொண்டு அலறியவள் சீர்த் தட்டு வரிசைக்குள் விழுந்து எழுந்து ஓடினாள். மஞ்சளும் பழமும் தெருவில் உருண்டன. "இந்தப் பிள்ளைய இங்கன எதுக்குத்தா கூட்டிட்டு வந்த?" என்று அக்கா கேட்டாள். அவள் பதற்றத்தில் கேட்டாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு இருந்த வாய்க்கு, "இனிமே உங்க வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மிதிக்கவும் இல்லை. எட்டடித் தெரு. காலையும் சாயங்காலமும் எதிரெதிரே கோலம் போட்டோம், குனிந்த தலை நிமிராமல்.

மகளுக்காக மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்திருந்தேன். இவளைப் போன்ற பிள்ளைகளுக்கானது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும், சனி, ஞாயிறு வீடு. இரண்டு வருஷம் காத்திருந்தோம். இந்தக் கார்த்திகையில் ஒரு பிள்ளை வேறு ஊருக்குப் போனதால் இடம் வந்தது. "திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள பிள்ளையோட வந்துருங்கம்மா. வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்" என்று போனில் சொன்னார்கள். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் நிம்மதியாகப் போய்விடலாம். ஏழரை பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவள் எழுந்தாள். பையெல்லாம் கட்டி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தாள். கீழே செவ்வாய்க்கிழமை இருந்தது.

கிழித்த தாளைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள். செவ்வாய்தான். கையைக் கடிக்க ஆரம்பித்தாள். நான் தகரத்துக்குள் விரலை விட்டுத் துழாவினேன். திங்கட்கிழமை அங்கே இல்லை. கம்பெனியில் வரிசை பார்க்கிறவர்கள் நாங்கள் ஆறு பேர். இந்தக் காலண்டரை அடுக்கும்போது யார் கை தவறியதோ, என் கையாகவே இருக்கலாம். ஒரு காகிதத்தில் தேதியை எழுதி ஒட்டினேன். அதில் ராசிபலன் இல்லை. பிய்த்து எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் முட்டினாள். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அவள் என் தோளுயரம் வளர்ந்துவிட்டாள்.

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே என் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, போகாமல் இருந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. பழி தாளின் மேல் போகும். பிள்ளை என்னோடு இருக்கும். ஒரு நிமிஷம் அது எனக்கு இனித்தது. அடுத்த நிமிஷமே, எனக்குப் பிறகு இவளுக்கு யார் சரி சொல்வார்கள் என்ற பயம் வந்தது. அந்தப் பயம்தான் என்னை எழுப்பியது.

அவள் முட்டும் இடத்தில் தலையணையை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டில் மாசக் காலண்டர்தான் இருந்தது. முக்கு வீட்டில் தினசரி தொங்கியது, திங்கட்கிழமை பளிச்சென்று தெரிந்தது. கேட்டேன். அந்த வீட்டுக்காரி நான் தாலியைக் கேட்டதுபோல் பார்த்தாள். "இன்னைக்குத் தாள இன்னைக்கே எப்படிக் கிழிக்க? மகளப் பொண்ணு பாக்க வர்றாக" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் நாள் முடியாமல் அந்த நாளின் தாளைக் கிழிக்க மாட்டோம். நாளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி என்பார்கள்.

மிச்சம் இருந்தது எதிர்வீடு. அக்கா விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை, ஒரு பொறி பட்டால் போதும். அந்த வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சகுனம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலையில் ஒருவர் தும்மினால்கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். இவளிடம் போய் இன்றைய தாளைக் கிழித்துக் கொடு என்று கேட்க வேண்டும். நான் அவள் வாசற்படியை மிதித்தேன்.

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"அக்கா, எங்க காலண்டர்ல இன்னைக்குத் தாள் இல்ல. அது இல்லாம பிள்ள கிளம்ப மாட்டேங்கா. மதுரைல இடம் கிடைச்சிருக்கு. பத்து மணிக்குள்ள போகணும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து மகள் அலறுவது அங்கே நன்றாகக் கேட்டது. மூன்று வருஷமாக அக்காவுக்கு அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அக்கா சாமி படத்தைப் பார்த்தாள். பிறகு சுவருக்குப் போய்த் திங்கட்கிழமையைத் தகரத்தோடு ஒட்டி நிதானமாகக் கிழித்தாள்.

"கொண்டு போத்தா. நாங்க ஒரு நாளு முன்னாடி இருந்துக்கிடுதோம்."

அதே அளவுத் தாள்தான். இந்த ஊரில் பாதிக் காலண்டர் ஒன்றுபோல்தான் இருக்கும். மகளிடம் நீட்டினேன். வாங்கினாள், முன்னும் பின்னும் பார்த்தாள், எழுந்து போய்ச் செவ்வாய்க்கிழமையின் மேல் அதைத் தகரத்துக்குள் செருகினாள். வாசித்தாள். "துலாம் ஓய்வு" என்றாள். என் ராசி துலாம். எழுதினவர் கையில் கிடைத்தால் நாலு கேட்டிருப்பேன். "சரி" என்றேன். ஏழரை பஸ் கிடைத்தது.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தோம். அங்கேயும் ஒரு தினசரிக் காலண்டர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது, திங்கட்கிழமையோடு. ஒரு டீச்சர் அவள் கையைப் பிடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கிற பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன்.

நாலு மணிக்கு வீடு திரும்பினேன். பூட்டைத் திறக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கம்பெனி வேன் வர ஆறு மணி ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். எங்கேயோ தூரத்தில் ஒரு சத்தம் கேட்டு எழுந்து நின்றேன். லாரி டயர் வெடித்த சத்தம் என்று டீக்கடையில் சொன்னார்கள். வேன் வந்தது. அக்கா கையெல்லாம் மருந்துக் கறையோடு இறங்கினாள்.

"விட்டுட்டு வந்தாச்சா?"

"வந்தாச்சுக்கா."

"சாப்பிடாம கிடக்காத" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். நான் அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறந்தேன்.

அந்த வாரம் கம்பெனியில் ஆர்டர் குவிந்திருந்தது. அடுத்த வருஷத்துத் தாள்களை ஆயிரக்கணக்கில் அடுக்கினேன். திங்கள் வந்தபோதெல்லாம் இரண்டு தடவை பார்த்தேன். சூப்பர்வைசர் கை மெதுவாகப் போகுதே என்று சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்தால் சுவரில் அக்கா வீட்டுத் திங்கட்கிழமை அப்படியே இருந்தது. புதன்கிழமை ஒரு தடவை கிழிக்கக் கை போனது. எனக்கு மனசு வரவில்லை. கிழித்து வாசித்தால் சரி சொல்ல யார் இருக்கிறார்கள்? சோறு வடித்து, தின்று, படுத்தேன். தட்டு எடுத்து வந்து என் முன்னால் வைக்க யாரும் இல்லை. அவள் இருந்தபோதும் தனியாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு தப்பு என்று அந்த ஐந்து நாளில் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் போய்க் கூட்டி வந்தேன். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமல் சுவருக்குப் போனாள். திங்கட்கிழமையை உருவிப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தாள். செவ்வாயை வாசித்தாள், பன்னிரண்டு ராசியும். நின்றாள்.

"சரி" என்றேன்.

அதைக் கிழித்துவிட்டுப் புதனை வாசித்தாள். வியாழன். வெள்ளி. ஒன்றையும் விடவில்லை, போய்விட்ட நாட்களின் ராகு காலத்தைக்கூட. கடைசியில் சனிக்கிழமைக்கு வந்து, முடித்து, என்னைப் பார்க்காமல் நின்றாள். அவளைக் கொண்டு விட்ட பிறகு அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் நான் வாய் திறந்து பேசியது அந்த ஐந்து சரிதான்.