ஆறு முறை கை தூக்கியவள்

உப்பளம் மைதானத்தின் பக்கமாக வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். மைதானத்தில் யாரோ மைக்கில், "அல்லேலூயா... செக், செக்" என்றார். சட்டென்று எனக்கு வயது பத்தாகிவிட்டது.

வருடா வருடம் அங்கே நற்செய்திக் கூட்டம் நடக்கும். ஜெனரேட்டர் புகை, ஈர மணல், மேலே தார்ப்பாய். ஜெபத்தில் அம்மா கண்ணை மூடினால் என் மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிக்கொள்வாள். கடைசியில் பாஸ்டர், "இயேசுவ ஏத்துக்கிறவங்க கைய உயர்த்துங்க" என்பார். நான் தவறாமல் உயர்த்துவேன். நரகம் என்றால் அவ்வளவு பயம்.

அந்த வருடம், கை தூக்கியவர்களின் பெயரை எழுதும் அக்கா என்னைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"ஏய், நீ போன வருஷமும் தூக்குனல்ல?"

"அஞ்சு வருஷமா தூக்குறேன்க்கா. இது ஆறாவது."

"எதுக்குடி?"

"அவரு என்ன ஏத்துக்கிட்டாரான்னே தெரியலக்கா. ஒவ்வொரு தடவையும் மறுநாளே தம்பிய அடிச்சிடுறேன்."

"அடிச்சா உங்கம்மா என்னா பண்ணும்?"

"முதுகுலயே ரெண்டு போடும்."

"அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி உன்ன மறுபடி பெத்துக்கிட்டு வருமா?"

"லூசாக்கா நீ? நான்தான் ஏற்கெனவே பொறந்துட்டேனே!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா சிரித்துக்கொண்டே சீட்டை எழுதாமல் மடித்துவிட்டாள்.

மறுநாளும் தம்பியை அடித்தேன். ஆனால் அடுத்த கூட்டம்வரை பயந்து சாகவில்லை. அப்போதே, "சாரி ஆண்டவரே" என்றேன். இன்றைக்கும் அப்படித்தான், தப்பு செய்தால் அழுகை வருகிறது, நான் அவர் மகள் இல்லையோ என்ற சந்தேகம் மட்டும் வருவதில்லை.